தூம், தெக்: பேஸ் டிரம்மின் இரண்டு கைகள்



எனக்குப் பதினோரு வயதிருக்கும். எங்கள் தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம். இருபுறமும் பெட்ரோமாக்ஸ் விளக்குகள், நடுவில் பேண்டு செட். கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் பின்னால் ஒரு பெரியவர், தன் உடம்பைவிட அகலமான டிரம்மை மார்பில் மாட்டிக்கொண்டு நடந்து வந்தார். நான் அவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, அவருடைய வலது கை கோலை வீசுவதையே பார்த்தபடி வந்தேன். முச்சந்தியில் ஊர்வலம் நின்றபோது, "தம்பி, அந்தக் கையையே பாத்துக்கிட்டு வர்றியே, இந்தக் கையைப் பாரு" என்றார். அவருடைய இடது உள்ளங்கை மறுபக்கத் தோலில் பட்டும் படாமலும் இருந்தது. ஓர் அடி அடித்துவிட்டு அந்தக் கையை எடுத்தார். ஒலி தெருக்கோடிவரை போனது. மறுபடி அடித்தார், அடித்த மறுகணமே உள்ளங்கையைத் தோலில் பதித்தார். ஒலி அங்கேயே நின்றுவிட்டது. "அடிக்கிறதுக்கு யாரு வேணா வருவாங்க. நிறுத்துறதுக்குத்தான் ஆளு வேணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் பெயரை நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. தாளக்கருவிகளோடு பழகி, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக் கழித்த இத்தனை ஆண்டுகளில் அந்த இடது கை என் கண்ணைவிட்டுப் போனதே இல்லை. பேஸ் டிரம்மின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அது அந்த இடது கையின் வரலாறாகவே எனக்குத் தெரிந்தது. இரண்டு கைகளால் வாசிக்கப்பட்ட கருவி அது. ஐரோப்பாவுக்குப் போனபின் ஒரு கையை இழந்தது. பிறகு அமெரிக்காவில் காலுக்கு இறங்கியது. இழந்த கை என்னவாயிற்று என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

உஸ்மானியப் பேரரசின் படையோடு சென்ற இசைக்குழுவுக்கு மெஹ்தர் என்று பெயர். அதில் சுர்னா என்ற நாகசுரத்தைப் போன்ற குழல், போரு என்ற எக்காளம், நக்காரே என்ற சிறிய இரட்டை முரசு, கோஸ் என்ற மிகப் பெரிய முரசு, சில் என்ற தாளத்தட்டுகள், மணிகள் தொங்கும் செவ்கான் என்ற கோல் எல்லாம் உண்டு. இவற்றின் நடுவே தாவுல். மர உருளையின் இருபுறமும் தோல் போர்த்தி, தோளில் வாரிட்டுத் தொங்கவிட்ட முரசு அது. வாசிப்பவர் வலது கையில் கனமான, தலை பருத்த மரக்கோலை வைத்திருப்பார். இடது கையில் மெல்லிய குச்சி. கனத்த கோல் விழும் இடம் தூம். மெல்லிய குச்சி சுண்டும் இடம் தெக். இவை நான் வைத்த பெயர்கள் அல்ல. துருக்கிய இசையில் தாள வட்டங்களை வாயால் சொல்லும்போதே கீழ் ஒலியைத் தூம் என்றும் மேல் ஒலியைத் தெக் என்றும்தான் சொல்கிறார்கள். சொற்கட்டு சொல்லிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எப்போதும் எழும்: தாவுல்தான் நம் தவிலா? பெயர் ஒத்திருக்கிறது என்பதை வைத்து உறவு கொண்டாடுவது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் வாசிப்பு முறையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தவிலில் இடது புறமான தொப்பியைக் கழியால் அடிக்கிறோம். வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் பேசுகின்றன. ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் கூர்மை. இரண்டும் ஒரே மனிதரின் உடம்பிலிருந்து, ஒரே எண்ணத்திலிருந்து வருகின்றன. தாவுல் வாசிப்பவரும் அப்படித்தான். தூமையும் தெக்கையும் இரண்டு ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தால் தாளம் இருக்கும், வாசிப்பு இருக்காது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் ஐரோப்பாவில் நடந்தது எளிதில் விளங்கும்.

1683இல் வியன்னா முற்றுகை தோற்றது. போரில் எதிர்த்தவர்களின் இசை மட்டும் ஐரோப்பிய அரண்மனைகளுக்குள் நுழைந்தது. 18ஆம் நூற்றாண்டில் போலந்து, ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா என ஒவ்வோர் அரசும் தன் படைக்குத் துருக்கிய பாணியில் ஒரு வாத்தியக் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டது. பெரிய டிரம், சிம்பல், முக்கோண மணி ஆகிய மூன்றையும் சேர்த்துத் துருக்கி இசை என்றே அழைத்தார்கள். ஆங்கிலப் படைப்பிரிவுகள் ஆப்பிரிக்க வம்சாவளியினரைக் கொண்டுவந்து, தலைப்பாகையும் பட்டும் அணிவித்து இந்தக் கருவிகளை வாசிக்கச் செய்தன. அந்த வாசிப்பாளர்களில் பெரும்பாலோரைப் பெயர் சொல்லி நினைவுகூர வழியில்லாமல் போனது எனக்கு வருத்தம். அவர்கள் வாசித்த முறைதான் பிறகு பிரிட்டிஷ் படையின் பேண்டு முறையாகிக் கடல் கடந்து நம் ஊர் அணிவகுப்பு மைதானங்களுக்கும் வந்தது. பள்ளியில் மார்ச் பாஸ்ட் நடந்தவர்களுக்குத் தெரியும், பேஸ் டிரம் விழும்போது இடது கால் விழ வேண்டும். கல்யாண பேண்டும் காவல்துறை பேண்டும் அந்த வழியில் வந்தவைதான்.

இசை அரங்குக்குள் இந்த டிரம்மை அழைத்து வந்தவர்களில் மொட்சார்ட் முக்கியமானவர். 1782இல் வியன்னாவில் அரங்கேறிய அவருடைய ஆபரா துருக்கிய அந்தப்புரத்திலிருந்து ஒரு பெண்ணை மீட்டு வரும் கதை. அதில் ஓஸ்மின் என்ற காவலாளி கோபத்தில் கொந்தளிக்கும் இடத்தில் துருக்கி வாத்தியங்களைச் சேர்த்தது சிரிப்பை வரவழைக்கத்தான் என்று முந்தைய ஆண்டு தந்தைக்கு எழுதிய கடிதத்தில் மொட்சார்ட்டே விளக்குகிறார். சிரிப்புக்காக வந்தது என்றாலும் அவருடைய இசைக்குறிப்பைப் பாருங்கள். டிரம்முக்கான சுரங்களில் சிலவற்றின் கம்பு மேல்நோக்கியும் சிலவற்றின் கம்பு கீழ்நோக்கியும் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று கனத்த கோலுக்கு, இன்னொன்று குச்சிக்கு. தாவுலின் இரண்டு கைகளும் அந்தத் தாளில் இன்னும் உயிரோடிருக்கின்றன.

ஹைடன் 1794 மார்ச் 31ஆம் தேதி லண்டனில் தன் நூறாவது சிம்பொனியை அரங்கேற்றினார். இரண்டாம் பகுதி அமைதியாக, அழகாக நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று டிரம்மும் சிம்பலும் முக்கோண மணியும் நுழைகின்றன. பிரான்சோடு போர் தொடங்கி ஓராண்டுக்குச் சற்று அதிகமாகியிருந்த நேரம். கேட்டவர்களுக்கு அது துருக்கி வேடிக்கையாகத் தெரியவில்லை, போர்க்களமாகவே கேட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த டிரம் சிரிப்பிலிருந்து அச்சத்துக்கு நகர்ந்துவிட்டது.

பீத்தோவனிடம் இரண்டு நேரெதிர் உதாரணங்கள் கிடைக்கின்றன. முதலாவது 1813 டிசம்பர் 8ஆம் தேதி வியன்னாவில் அரங்கேறிய 'வெலிங்டனின் வெற்றி' என்ற படைப்பு. அதில் பேஸ் டிரம்கள் பீரங்கிகள். ஆங்கிலப் படைக்கு ஒருபுறம், பிரெஞ்சுப் படைக்கு மறுபுறம். அன்று பீரங்கிப் பகுதியை நடத்தியவர் சாலியேரி. பிற்காலத்தில் ஆபராவில் பெரும்புகழ் பெற்ற மேயர்பேர், அப்போது இளைஞர், பேஸ் டிரம் வாசித்தார். அவர் எப்போதும் சற்றுப் பிந்தியே அடித்தார் என்று பீத்தோவன் குறைபட்டுக்கொண்டதாகப் பதிவு உண்டு. இந்தக் குறையை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

இரண்டாவது ஒன்பதாம் சிம்பொனி, 1824 மே 7. பேஸ் டிரம் இறுதிப் பகுதிவரை காத்திருக்கிறது. பாடகர் குழு முழுக்குரலில் ஒரு பெரிய சுரக்கூட்டில் போய் நிற்கிறது. பிறகு மௌனம். அந்த மௌனத்துக்குள் பஸூன்களோடு சேர்ந்து பேஸ் டிரம் மிக மெல்ல, ஒட்டாத ஒற்றை அடிகளாக நுழைகிறது. தொலைவில் ஓர் அணி நடந்து வருகிறது. ஆயிரம் பேர் அமர்ந்த அரங்கில் அந்த மெல்லிய அடிதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைக்கிறது. என்னைக் கேட்டால், பேஸ் டிரம்முக்காக எழுதப்பட்ட மிகச் சிறந்த இடம் இதுதான். இடியாக எழுதப்பட்ட எந்த இடமும் இதற்கு ஈடாகாது.

ஆனால் இதற்குள் ஓர் இழப்பு நடந்துமுடிந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டு நடக்க நடக்க இடது கையின் குச்சி ஆர்கெஸ்ட்ராவிலிருந்து மறைந்தது. தெக் போயிற்று, தூம் மட்டும் தங்கியது. மிச்சமிருந்த இடது கைக்குச் செலவைக் குறைப்பதற்கான ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு சிம்பலை டிரம்மின் மேல் திருகி வைத்துவிட்டு, இன்னொரு சிம்பலை இடது கையில் கொடுத்தார்கள். ஓர் ஆளுக்கான சம்பளத்தில் இரண்டு வாத்தியங்கள் கிடைத்தன. இந்தப் பழக்கத்தைக் கண்டு கொதித்தவர் பெர்லியோஸ். வாத்தியங்களைக் கையாள்வது பற்றி 1840களில் அவர் எழுதிய நூலில், இப்படி அடித்தால் சிம்பலின் ஒலி கெட்டு ஓட்டைத் தகரமாகிறது, தெருவோர நடனத்துக்குத்தான் இது பொருந்தும் என்று கண்டித்தார். ரொஸ்ஸினியின் ஓயாத பேஸ் டிரம்மும் அவருக்குப் பிடிக்கவில்லை. அவரைச் சத்தத்தின் ரசிகர் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1837இல் பாரிஸில் அரங்கேறிய தன் இரங்கல் இசையில் பதினாறு டிம்பனிகளை வைத்தவர்தான். ஆனால் அவர் எண்ணிக்கையைக் கூட்டியது நிறத்துக்காக. ஃபெண்டாஸ்டிக் சிம்பொனியின் இறுதியில் ஒரே பேஸ் டிரம்மில் இரண்டு பேர் சேர்ந்து உருட்டொலி எழுப்ப வேண்டும் என்று எழுதினார். டிரம்முக்கு மறுபடியும் ஒன்றுக்கு மேற்பட்ட கைகளைக் கொடுத்தவர் அவர்.

அவர் கண்டித்த அந்தச் சேர்க்கையை மாலர் தன் முதல் சிம்பொனியின் மூன்றாம் பகுதியிலும் ஸ்ட்ராவின்ஸ்கி 1911இல் பெத்ருஷ்காவிலும் வேண்டுமென்றே கேட்டு வாங்கினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது தெருவின், சந்தையின் மணம். தெரு வாத்தியக்காரரின் கை அழகில்லாத கை என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். முச்சந்தியில் எனக்குப் பாடம் சொன்னவர் அந்தத் தெருக்காரர்தான்.

துருக்கியில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத், மெஹ்தர் சேர்ந்திருந்த ஜானிசரிப் படையைக் கலைத்தபோது மெஹ்தரும் நின்றது. இரண்டே ஆண்டுகளில் புதிய ஐரோப்பிய பாணி பேண்டை நடத்த இத்தாலியிலிருந்து ஜுசெப்பே தோனிசெட்டி வரவழைக்கப்பட்டார். இவர் ஆபரா இசையமைப்பாளர் கயெத்தானோ தோனிசெட்டியின் அண்ணன். தாவுல் புறப்பட்ட ஊருக்கு அதன் பிள்ளை ஐரோப்பியச் சீருடையில் திரும்பி வந்து பெற்றோரின் இடத்தில் உட்கார்ந்தது.

இனி வாசிக்கும் முறைக்கு வருகிறேன். இன்றைய சிம்பொனி அரங்கில் நிற்கும் பேஸ் டிரம்மின் விட்டம் ஏறக்குறைய 36 முதல் 40 அங்குலம். அது தரையில் நேராக உட்காராது. ஒரு சட்டத்துக்குள் ரப்பர் பட்டைகளிலோ வார்களிலோ தொங்கும். தரையைத் தொட்டால் மர உருளையின் அதிர்வு கட்டுப்பட்டுவிடும். சட்டத்தைச் சாய்க்கலாம், படுக்க வைக்கலாம். காற்றின் ஈரமும் வெயிலும் மாறும்போது கன்றுத்தோல் தளர்ந்தும் இறுகியும் தொல்லை கொடுக்கும். 1957 வாக்கில் பாலியெஸ்டர் படலத்தால் செய்த தோல்கள் சந்தைக்கு வந்தபின் பெரும்பாலான டிரம்கள் அதற்கு மாறின. ஆனாலும் சிம்பொனி வாசிப்பாளர்களில் பலர் இன்னும் கன்றுத்தோலைக் கைவிடவில்லை. அதன் ஒலியில் ஓர் இளக்கம் உண்டு. எனக்கும் அதுதான் பிடிக்கும்.

மாணவர் செய்யும் முதல் தவறு நடுமையத்தில் அடிப்பது. மையத்தில் அடித்தால் ஒலி குறுகி வறண்டு போகும். வெடிச்சத்தம் தேவைப்படும் இடத்தில் மட்டுமே அது சரி. மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவில், மையத்தைவிட்டுச் சற்று விலகி அடித்தால்தான் தோல் முழுதும் பேசும். உருட்டொலிக்கு இரண்டு ஒத்த கோல்கள் வேண்டும், அடி விளிம்பை நோக்கி இன்னும் சற்று நகரும். அங்கே வேகமாக உருட்ட வேண்டியதில்லை. ஒலி நீளமாக இருப்பதால் அடுத்த அடி வரும்வரை முந்தைய அடி காத்திருக்கும். புதிதாக வாசிப்பவர்கள் ஸ்நேர் டிரம்மின் வேகத்தில் உருட்டி ஒலியைத் தாங்களே கொன்றுவிடுகிறார்கள்.

இரண்டு தோல்களையும் ஒரே சுரத்தில் இறுக்கக்கூடாது. இறுக்கினால் டிரம் ஒரு குறிப்பிட்ட சுரத்தைப் பாடத் தொடங்கி, ஆர்கெஸ்ட்ரா எந்த ராகத்தில் இருந்தாலும் அதனோடு மோதும். இரண்டுக்கும் இடையே சிறு வேறுபாடு வைத்தால் சுரம் கலைந்து ஆழம் மட்டும் தங்கும். பலமாக அடிக்கும்போது தோல் ஒரு கணம் கூடுதலாக இழுபடுவதால் ஒலி சற்று மேலே தொடங்கிக் கீழே வழுக்கி இறங்கும். பெரிய அடி அடிவயிற்றுக்குள் இறங்குவது போலத் தோன்றுவதற்கு இந்த வழுக்கலும் ஒரு காரணம்.

மேயர்பேர் ஏன் பிந்தினார் என்பதற்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது. இவ்வளவு பெரிய தோல் அடிபட்டவுடன் முழுதாகப் பேசுவதில்லை. கோல் பட்ட இடத்திலிருந்து அதிர்வு பரவி, உள்ளே அடைபட்ட காற்றைத் தள்ளி, மறுதோலை எழுப்பி, ஒலி மலர ஒரு நொடிக்குள் ஒரு சிறு காலம் எடுத்துக்கொள்கிறது. வயலின்காரர் வில்லை வைக்கும் அதே கணத்தில் அடித்தால் கேட்பவருக்கு டிரம் பின்தங்கியதாகவே தெரியும். தேர்ந்த வாசிப்பாளர் நடத்துநரின் கோல் கீழிறங்குமுன் ஒரு மயிரிழை முந்துகிறார். எவ்வளவு முந்த வேண்டும் என்பது அரங்கையும் தோலையும் அடியின் கனத்தையும் பொறுத்தது. இதை எந்த இசைக்குறிப்பும் எழுதித் தராது. தன் காதால் ஒருவர் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியது இது.

நிறுத்துவதற்கு வருவோம். சிம்பொனி வாசிப்பாளர் வலது கையால் அடிக்கிறார். அடிபடும் தோலை முழங்காலாலும் மறுதோலை இடது உள்ளங்கையாலும் அடக்குகிறார். கல்யாண ஊர்வலத்தில் நான் பார்த்த கை அங்கும் அதே வேலையைச் செய்கிறது. எழுதப்பட்ட சுரத்தின் நீளத்துக்குமேல் ஒலி போனால் அடுத்து வரும் மெல்லிய புல்லாங்குழல் மூழ்கிவிடும். முழுவதும் அடக்கினால் அட்டைப்பெட்டியைத் தட்டியது போலாகும். உள்ளங்கையை முழுதாக வைப்பதா, விரல் நுனியை மட்டும் வைப்பதா, அடிக்குமுன்பே வைத்திருப்பதா, அடித்தபின் வைப்பதா என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஒலி. இடது கையின் குச்சி போனபின்னும் அந்தக் கை வேலையிழக்கவில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த அடக்கத்தின் அருமையை வெர்டி அறிந்திருந்தார். 1874 மே 22ஆம் தேதி மிலானில் அரங்கேறிய அவருடைய ரெக்வியம் என்ற இரங்கல் இசையில், இறுதித் தீர்ப்பு நாளைப் பாடும் பகுதியில், ஆர்கெஸ்ட்ராவின் அடி விழுந்து ஓயும் இடைவெளிகளில் பேஸ் டிரம் தனியே விழுகிறது. அந்த இடத்தில் டிரம்மின் கயிறுகளை நன்றாக இறுக்கிக்கொள்ள வேண்டும், ஒலி வறண்டதாகவும் மிகப் பலமாகவும் இருக்க வேண்டும் என்று வெர்டி இசைக்குறிப்பிலேயே எழுதிவைத்தார். ஒலி நீண்டால் இடைவெளி நிரம்பிவிடும். இடைவெளி நிரம்பினால் அச்சம் போய்விடும்.

மாலரின் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. 1908இல் நியூயார்க்கில் அவர் தங்கியிருந்த விடுதிக்குக் கீழே, பணியில் உயிரிழந்த ஒரு தீயணைப்பு அதிகாரியின் இறுதி ஊர்வலம் வந்து நின்றது. ஒருவர் சில சொற்கள் பேசினார். பிறகு துணியால் மூடிய ஒரு டிரம்மின் ஒற்றை அடி. மீண்டும் மௌனம். ஊர்வலம் நகர்ந்தது. மேலே சன்னலில் சாய்ந்து நின்ற மாலரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்ததாக அவருடைய மனைவி அல்மா எழுதியிருக்கிறார். முடிக்காமல் விட்டுச்சென்ற பத்தாம் சிம்பொனியில் நான்காம் பகுதி முடிந்து ஐந்தாம் பகுதி தொடங்கும் இடத்தில் அந்த மூடிய அடி விழுகிறது. நம் ஊரில் சாவு வீட்டு மேளம் கேட்டு வளர்ந்த யாருக்கும் அந்த அடியின் பொருள் விளங்கும்.

இனிக் காலின் கதை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நாடக அரங்குகளில் மேடைக்கு முன்னாலிருந்த பள்ளத்தில் இடமும் இல்லை, பணமும் இல்லை. பேஸ் டிரம்முக்கு ஒருவர், ஸ்நேருக்கு ஒருவர் என்று வைக்க முடியவில்லை. இரண்டையும் ஒரே ஆள் அருகருகே வைத்து, பேஸில் ஓர் அடி, உடனே கையைத் திருப்பி ஸ்நேரில் ஓர் அடி என்று வாசிக்கப் பழகினார். 1890களில் நியூ ஆர்லியன்ஸில் ஜான் ரோபிஷோவின் குழுவில் வாசித்த டீ டீ சாண்ட்லர் மரத்தால் ஒரு மிதிகட்டை செய்து காலால் பேஸ் டிரம்மை அடித்தார். அவரைப்போல இன்னும் சிலரும் முயன்றுகொண்டிருந்தார்கள். அன்றைய மிதிகள் வேகமான புதிய நடனப் பாட்டுகளுக்கு ஈடுகொடுக்கவில்லை. சிகாகோவில் வாசித்துக்கொண்டிருந்த வில்லியம் லூட்விக் தன் தேவைக்காகவே ஒரு மிதியைச் செய்தார். மிதித்தவுடன் கோல் தோலைத் தொட்டு, உடனே பின்வாங்கும். முதலில் மரத்தில், பிறகு உலோகத்தில். 1909இல் அவரும் தம்பி தியோபால்டும் அதைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். ஆரம்பகால மிதிகளில் ஒரு சின்ன உலோகக் கை நீட்டிக்கொண்டிருக்கும். அது டிரம்மின் வளையத்தில் பொருத்திய சிறு சிம்பலைக் கூடவே அடிக்கும். பெர்லியோஸ் திட்டிய சேர்க்கை அதுவரை பின்தொடர்ந்து வந்திருக்கிறது!

அந்த மிதிகட்டை செய்த காரியத்தை அதைச் செய்தவர்களே அன்று முழுதாக உணர்ந்திருப்பார்களா தெரியவில்லை. கால் தூமை எடுத்துக்கொண்டதால் இரண்டு கைகளும் விடுதலை பெற்றன. ஸ்நேரில் இடது கை தெக் என்று சுண்டியது. ஒரே உடம்பிலிருந்து தூமும் தெக்கும் மறுபடி சேர்ந்து வந்தன. மெஹ்தரிலிருந்து டிரம் செட்டுக்கு நேரான ஒரு வம்சாவளி வரைந்துவிட முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. ஐரோப்பா பிரித்து வைத்ததை நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின வாசிப்பாளர்கள் தங்கள் உடம்பில் ஒன்றாக்கினார்கள் என்கிறேன். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒலிப்பதிவு ஆரம்பத்தில் இந்த டிரம்முக்குப் பகையாக இருந்தது. 1923இல் கிங் ஆலிவரின் குழு இண்டியானாவில் இசைத்தட்டுகள் பதிவு செய்தபோது பேபி டாட்ஸ் தன் பேஸ் டிரம்மை விட்டுவிட்டு மரக்கட்டைகளைத் தட்ட வேண்டியிருந்தது. பேஸ் டிரம்மின் அதிர்வு மெழுகில் வரையும் ஊசியைத் துள்ள வைத்துவிடும். 1925க்குப் பின் மின்முறைப் பதிவு வந்தது. 1927 டிசம்பரில் சிகாகோவில் நடந்த ஒரு பதிவில் பதினெட்டு வயது ஜீன் க்ரூபாவின் பேஸ் டிரம் தட்டில் ஏறியது. அந்தக் காலத்து ஜாஸ் தட்டுகளைக் கேட்டு, பேஸ் டிரம்மே இல்லாத இசை என்று முடிவு கட்டுபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: கேட்காமல் போனது நம் காதுக்கு, அவர்கள் காலுக்கு அல்ல.

ஸ்விங் காலத்தில் கால் நான்கு அடிகளையும் இடைவிடாமல் வைத்தது. ஆனால் தேர்ந்தவர்கள் அதைப் பலமாக வைக்கவில்லை. இறகால் தடவுவது போல மிதித்து, டபுள் பேஸின் நரம்பொலிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்படி வாசித்தார்கள். ஆடுபவர்களின் கால் அதை உணரும், காது தனியாகப் பிரித்தறியாது. இன்று இந்தக் கலை அருகிவருகிறது. 1940 வாக்கில் கென்னி கிளார்க் காலத்தைக் காட்டும் வேலையை மேல் சிம்பலுக்கு மாற்றினார். காலுக்கு ஓய்வு கிடைத்தது. எதிர்பாராத இடத்தில் மட்டும் ஓர் அடி. அதைக் குண்டு போடுவது என்றார்கள். ஒன்பதாம் சிம்பொனியில் பீத்தோவன் மௌனத்துக்குள் வைத்த அடிக்கும் இதற்கும் உறவு உண்டு என்று எனக்குப் படுகிறது. அதற்குச் சற்று முன், பள்ளி மாணவனாக இருந்த லூயி பெல்சன் இரண்டு கால்களுக்கு இரண்டு பேஸ் டிரம்கள் என்று ஓவிய வகுப்பில் வரைந்து வைத்திருந்தார். பின்னாளில் வாசித்தும் காட்டினார்.

ராக் இசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1966இல் ஜெஃப் எமெரிக் என்ற இளம் ஒலிப்பதிவாளர் ரிங்கோ ஸ்டாரின் பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்து, மைக்கை மிக அருகே கொண்டுபோனார். அடக்கும் உள்ளங்கையின் வேலையைச் சட்டை செய்தது. ஜான் போனம் 1969இல் ஒற்றை மிதியிலேயே வேகமான மும்மை அடிகளை வாசித்தார். கேட்டவர்கள் இரண்டு மிதிகள் என்றே நினைத்தார்கள். 1973இல் பிலடெல்பியாவின் எர்ல் யங் நான்கு அடியையும் பலமாக வைக்க, டிஸ்கோ அந்த அடியின் மேல் எழுந்தது. 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 என்ற கருவியில் தோலே இல்லை. மின்சுற்றில் பிறந்த அந்தத் தூம் இன்று நம் தெருவில் போகும் காரின் கண்ணாடியையும் அதிரவைக்கிறது.

காலால் வாசிப்பதிலும் அதே பழைய கேள்விதான். குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தால் மிதித்தால் மென்மையும் கட்டுப்பாடும் கிடைக்கும். குதிகாலைத் தூக்கி முழுக்காலின் எடையையும் இறக்கினால் பலம் கிடைக்கும். மிதித்தபின் கோலைத் தோலிலேயே பதித்து வைத்தால் ஒலி குட்டையாக, அழுத்தமாக நிற்கும். உடனே பின்வாங்க விட்டால் தோல் மூச்சு விடும், ஒலி உருண்டு போகும். என்னிடம் வரும் மாணவர்கள் எல்லோரும் முதல் மாதத்தில் பதித்து வைக்கிறார்கள். விட்டுவிடக் கற்றுக்கொள்ள ஓராண்டாகும். கையில் உள்ளங்கை செய்ததைக் கால் தன் விலகலால் செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தச் சபையில் பள்ளி ஆசிரியர்களும் பேண்டு பயிற்றுநர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வேறெந்த வாத்தியமும் வராத பிள்ளையிடம் பெரிய டிரம்மைத் தூக்கிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எந்தப் பிள்ளைக்குக் காது கூர்மையோ அந்தப் பிள்ளையின் தோளில் அதை மாட்டுங்கள். முதல் நாள் கோலைக் கையில் கொடுக்காதீர்கள். நீங்கள் ஓர் அடி அடியுங்கள். அந்தப் பிள்ளையின் இடது உள்ளங்கையை மறுபக்கத் தோலில் வைக்கச் சொல்லுங்கள்.